கேளுங்கள், சொல்கிறோம்: சுண்டிக்குளம் போகிறவர்களுக்கு

கேள்வி: பூநாரை பார்க்கவென்று நவம்பர் கடைசியில் குடும்பமாகச் சுண்டிக்குளம் போனோம். தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எப்போது போகவேண்டும்?
– வாசகி, கொக்குவில்

பதில்: சுண்டிக்குளம் இலங்கையின் வடகிழக்குக் கரையிலுள்ள களப்பு, அதாவது கடலையொட்டிய உவர்நீர் ஏரி. அதில் தண்ணீர் கூடின நேரத்தில் போயிருக்கிறீர்கள். பூநாரை ஆழமில்லாத நீரில் நடந்தபடி, அலகைத் தலைகீழாக விட்டு, சேற்றுநீரை வடித்துச் சின்ன உயிரிகளைத் தின்னும் பறவை. களப்பு நிரம்பிக் கிடந்தால் அதற்கு அங்கே வேலையில்லை. மாரி மழை விட்டு, நீர் இறங்கத் தொடங்கும் தை பிற்பகுதி முதல் பங்குனி வரைதான் வாய்ப்பான காலம். அதுவும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே கலண்டரை நம்பாமல், வெளிக்கிட முன்னர் பக்கத்துக் கடலோர ஊரான கட்டைக்காட்டில் தெரிந்த ஒருவரிடம் "தண்ணி எவ்வளவு நிக்குது" என்று கேட்டுவிடுங்கள்.

காலை 7 மணிக்குள் அங்கே நிற்கவேண்டும். கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட மணல் திட்டில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் உங்கள் முதுகில் விழும், பறவையின் நிறம் எடுப்பாகத் தெரியும். பின்னேரம் அதே இடத்தில் நின்றால் கறுத்த உருவங்கள்தான் மிஞ்சும். 8x42 தொலைநோக்கி ஒன்று போதும். கிட்டப் போகாதீர்கள். குனிந்து மேய்ந்த பறவைகள் எல்லாம் கழுத்தை நிமிர்த்தி ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள். இன்னும் பத்து அடி வைத்தால் கூட்டம் எழும்பிவிடும். பூநாரை வராவிட்டாலும் கரண்டிவாயன், மஞ்சள்மூக்கு நாரை, ஊசிவால் வாத்து என்று பார்க்க நிறைய உண்டு. எல்லாரும் பூநாரையையே கேட்பதுதான் எங்கள் குறை.

கேள்வி: சொந்த வான் வண்டியில் போகலாமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: ஏ9 வீதியில் இயக்கச்சியில் திரும்பிக் கட்டைக்காடு வரை வான் போகும். அதற்கப்பால் மணல். நான்கு சில்லும் இழுக்கும் வாகனமென்றால் ரயர்க் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்குங்கள், தார் வீதிக்கு வந்ததும் திரும்ப அடிக்க பம்ப் வேண்டும். புதைந்தால் அக்சிலேற்றரை அமத்தாதீர்கள். சில்லு சுழலச் சுழலக் குழி ஆழமாகி, வாகனத்தின் வயிறு மணலில் குந்திவிடும். சில்லுக்கு முன்னால் மண்ணை வெட்டிச் சரிவாக்கி, காவோலையைத் திணித்து மெல்ல எடுக்கவேண்டும்.

மணலைவிட மோசமானது வற்றிய களப்பின் தரை. மேலே வெள்ளையாக உப்புப் பூத்துக் காய்ந்து, சீமெந்து நிலம்போலத் தெரியும். ஒரு விரற்கடைக்குக் கீழே கரும் சேறு. அதில் இறங்கிய வாகனத்தைக் காவோலை காப்பாற்றாது, உழவு இயந்திரம்தான் வரவேண்டும்.

கேள்வி: அங்கே சிறுத்தை உண்டா? பிள்ளைகள் குளிக்கலாமா?
– வாசகி, நெல்லியடி

பதில்: 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவான இடம் அது. சிறுத்தையும் கரடியும் அங்குள்ள விலங்குகளின் பட்டியலில் உண்டு, ஆனால் அந்த நம்பிக்கையில் போகவேண்டாம். சிறுத்தைதான் வேண்டுமென்றால் மே முதல் செப்டெம்பர் வரையான வறட்சியில் வில்பத்து தேசியப் பூங்காவுக்குப் போங்கள். முதல்நாள் அனுராதபுரத்தில் தங்கி, காலை 6 மணிக்கு அந்தப் பூங்காவின் ஹுனுவில்கம வாசலில் நில்லுங்கள். கடற்கரையோரக் குதிரைமலையையும் பார்க்க நினைத்தால் முழுநாள் ஜீப் பேசவேண்டும். அரைநாளில் அங்கே போய்த் திரும்ப ஏலாது.

களப்பில் குளிக்கவே கூடாது, முதலை உண்டு. மாரி காலத்தில் கடலிலும் இறங்கவேண்டாம்.