மழையிலும் வெயிலிலும் பிள்ளைகள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகனும் எட்டு மாதத்தில் ஒரு மகளும் இருக்கிறார்கள். ஐப்பசி பிறந்துவிட்டால், நனைந்தால் சளி பிடிக்கும் என்று சொல்லி என் மாமியார் பிள்ளைகளை வாசற்படி தாண்ட விடுவதில்லை. அடைந்து கிடக்கும் மகன் நாள் முழுவதும் கைப்பேசி கேட்டு அடம்பிடிக்கிறான். அத்தையின் மனம் நோகாமல் இதை எப்படிச் சமாளிப்பது?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: உங்கள் அத்தையின் கவலையில் நியாயம் இருக்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் சளியும் காய்ச்சலும் கூடுவதை அவர் பல ஆண்டுகளாகக் கண்டிருப்பார். ஆனால் சளியைக் கொண்டுவருவது மழைத்தண்ணீர் அல்ல, வைரஸ் கிருமிகள். மழைக்கு அஞ்சிச் சன்னல்களைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் நெருங்கியிருக்கும்போது அவை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எளிதாகத் தொற்றிக்கொள்கின்றன. ஆகவே, இடி மின்னல் இல்லாமல் மழை தூறலாகத் தணிந்த நேரத்தில் மகனைச் சிறிது நேரம் முற்றத்திலோ கொல்லையிலோ விளையாட விடுங்கள். சாக்கடை கலந்த தண்ணீரும் அறுந்த மின்கம்பியும் எங்கே இருக்கும் என்று தெரியாததால், தெருவில் தேங்கிய தண்ணீரில் மட்டும் இறங்க விட வேண்டாம். அவன் உள்ளே வந்ததும் தலை துவட்டி, உலர்ந்த சட்டை போட்டு, சூடாக ரசம் சாதம் ஊட்டும் பொறுப்பை அத்தையிடமே ஒப்படையுங்கள். தம் சொல்லை மீறிப் பிள்ளையை வெளியே விட்டார்கள் என்பதைவிடத் தம்மை ஒதுக்கிவிட்டார்கள் என்பதுதான் பெரியவர்களை அதிகம் வருத்துகிறது என்று நான் நம்புகிறேன். எட்டு மாதக் குழந்தை நனைய வேண்டாம். பாட்டியின் மடியில் திண்ணையில் அமர்ந்து மழையைப் பார்த்தாலே போதும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது. உங்கள் மகன் வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் மட்டும் அடம் தீராது, கைக்கு வேறு வேலை வேண்டும். ஞாயிறுதோறும் அவன் கையில் ஒரு டார்ச் விளக்கைக் கொடுத்து, அப்பாவோடு வீட்டைச் சுற்றி வரச் சொல்லுங்கள். கொட்டாங்கச்சி, பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு என்று தண்ணீர் தேங்கும் இடங்களை அவன் கண்டுபிடித்துக் காட்ட, அப்பா கவிழ்த்துக் கொட்டட்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும் என்பதால், வாரம் ஒரு முறை தவறாமல் செய்தால் இது விளையாட்டாகவும் காவலாகவும் அமையும். அந்தக் கொசு பகலில் கடிப்பது. எனவே மகள் பகலில் தூளியில் உறங்கும்போதும் கொசுவலை வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சளி வரத்தான் செய்யும். அப்போது மூச்சைக் கவனியுங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேலும், ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேலும் இருந்தால், அல்லது மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளின் கீழே மார்பு உள்ளே குழிந்தால், காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். மருந்துக் கடையில் கேட்டு இருமல் மருந்து வாங்கிக் கொடுப்பதை அறவே விட்டுவிடுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகள் தரக் கூடாது என்றும், ஐந்து வயதுக்குள் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்ந்து படுத்தல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: என் குழந்தைக்கு நான்கு மாதம். கத்திரி வெயிலில் நாக்கு வறண்டுவிடும், ஒரு பாலாடை தண்ணீராவது புகட்டு என்கிறார்கள். கொடுக்கலாமா?
(ஒரு வாசகி, வேலூர்)

பதில்: வேண்டாம். தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு தண்ணீரே. ஆறு மாதம் முடியும் வரை எந்தக் கோடையிலும் அதுவே போதும். தண்ணீர் கொடுத்தால் சின்ன வயிறு நிரம்பிப் பால் குறையும், வயிற்றுப்போக்கும் வரலாம். அடிக்கடி பால் கொடுங்கள், நீங்கள் நிறையத் தண்ணீரும் மோரும் குடியுங்கள். ஒரு நாளில் ஆறு முறையாவது குழந்தை சிறுநீர் கழித்தால் அஞ்ச வேண்டியதில்லை.

கேள்வி: நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். கோடை விடுமுறைக்கு ஐந்து வயது மகனையும் இரண்டு வயது மகளையும் கிராமத்தில் என் பெற்றோரிடம் விட எண்ணியிருக்கிறோம். என்ன முன்னேற்பாடு செய்ய வேண்டும்?
(ஒரு வாசகர், மதுரை)

பதில்: நல்ல முடிவு. சித்திரையும் வைகாசியும் பிள்ளைகளுக்குத் தரும் நுங்கும் மாம்பழமும் மொட்டைமாடி உறக்கமும் நகரத்து அடுக்குமாடியில் கிடைப்பதில்லை. ஆனால் உங்கள் பெற்றோருக்கு வயதாகியிருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். இரண்டு வயதுப் பிள்ளையின் பின்னால் நாள் முழுவதும் ஓடுவது அவர்களால் இயலாது. உதவிக்கு உறவினர் யாரேனும் உடனிருக்க ஏற்பாடு செய்துவிட்டே விடுங்கள்.

எல்லாவற்றிலும் முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். கிணற்றுக்கு மூடி போட்டிருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். குளத்தைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். ஆனால் தவழும், தள்ளாடி நடக்கும் வயதில் குளியலறையில் பாதி நிரம்பிய வாளியே உயிரைப் பறித்துவிடும். குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வைக்கும் பழக்கம் அந்த வீட்டில் வர வேண்டும். பகல் பதினொரு மணி முதல் நான்கு மணி வரை நிழலில் விளையாடட்டும். மகனுக்குப் பல்லாங்குழி சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. மகள் பக்கத்தில் இருந்தால் மட்டும் புளியங்கொட்டையையும் சோழியையும் எடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அவளுக்கு நுங்கையும் மசித்தே கொடுக்க வேண்டும். வியர்க்குருவுக்குப் பவுடரை அப்புவதைவிட இரு வேளை குளியலும் மெல்லிய பருத்திச் சட்டையும் பயன் தரும்.

வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் சிலவற்றைக் கொடுத்தனுப்புங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கான பொட்டலத்தை முழுவதுமாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும், கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதை அம்மாவிடம் செய்துகாட்டிவிட்டு வாருங்கள். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவாக டம்ளரில் கலப்பது பல வீடுகளில் நடக்கிறது. உப்பின் அளவு மாறினால் அதனால் கெடுதல் உண்டு.

கேள்வி: மூன்று வயது மகளுக்கு அடிக்கடி மூச்சிரைப்பு வருகிறது. மார்கழியில் விடியற்காலையில் கோலம் போட என்னோடு வர ஆசைப்படுகிறாள். அழைத்துப் போகலாமா? போகியை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.
(ஒரு வாசகி, சென்னை)

பதில்: பனியைவிடப் புகையைப் பற்றியே நீங்கள் அஞ்ச வேண்டும். மார்கழி விடியலில் குளிர்ந்த காற்று மேலெழாமல் தரையை ஒட்டி நிற்பதால், நகரத்தின் புகையும் அதிலேயே தங்கிவிடுகிறது. 2018ஆம் ஆண்டு போகியன்று சென்னை விமான நிலையத்தில் பல விமானங்கள் தரையிறங்க முடியாமல் திருப்பிவிடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்தக் காற்றையே மூன்று வயதுக் குழந்தையும் சுவாசிக்கிறது. போகிக்கு முந்தைய இரவே சன்னல்களை மூடி, புகை முற்றிலும் அடங்கும் வரை அவளை உள்ளேயே வைத்திருங்கள். டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்த வேண்டாம் என்று தெருக்காரர்களிடம் ஒரு வாரம் முன்பே பேசுங்கள். பிள்ளைக்காக என்று ஒரு தாய் கேட்டால் பெரும்பாலானோர் மறுக்க மாட்டார்கள். சாம்பிராணியும் கொசுவர்த்திச் சுருளும் உங்கள் வீட்டில் வேண்டாம். மருத்துவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால், பழகிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்; அது மிகக் குறைந்த அளவு மருந்தை நேரே மூச்சுக்குழாய்க்கு அனுப்பும் முறை, அடிமைப்படுத்தாது.

கோல ஆசையைத் தடுக்க வேண்டாம். மற்ற நாட்களில் பனி விலகி வெயில் ஏறிய பிறகு, காதையும் மார்பையும் மூடி அழைத்து வாருங்கள். உலர்ந்த பொடி பறந்து மூக்கில் ஏறும் என்பதால், ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவால் இடும் மாக்கோலமே அவளுக்கு ஏற்றது.