கற்றல் ஆப் காட்டும் சதவீதத்தை ஐ.ஈ.பி.யில் அப்படியே எழுதலாமா?

கேள்வி இது: சிறப்புக் கல்வி பெறும் குழந்தை பயன்படுத்தும் ஆப்பில் "கழித்தல் 45%" என்று ரிப்போர்ட் வருகிறது. தனிநபர் கல்வித் திட்டத்தில், அதாவது ஐ.ஈ.பி.யில், இதையே தற்போதைய நிலையாக எழுதி, "ஆண்டு இறுதியில் 80%" என்று இலக்கு வைக்கலாமா?

வேண்டாம். அந்த 45 எதிலிருந்து வந்தது என்று முதலில் திறந்து பாருங்கள். பல மென்பொருள்களில் சுருக்கப் பக்கத்துக்குப் பின்னால் ஒவ்வொரு கேள்வியும், குழந்தை தந்த விடையும், எடுத்துக்கொண்ட நேரமும் இருக்கும். மாணவர் பெயரைத் தட்டினால் வரும், அல்லது எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஐ.ஈ.பி.க்கு வேண்டிய சரக்கு அங்கேதான் இருக்கிறது.

உதாரணத்துக்கு, 20 கழித்தல் கணக்கில் 9 சரி, 11 தப்பு என்று வைத்துக்கொள்வோம். சரியான ஒன்பதும் கடன் வாங்கத் தேவையில்லாதவை. தப்பான பதினொன்றிலும் கடன் வாங்க வேண்டும். விடைகளைப் பாருங்கள்: 52−27க்கு 35, 63−48க்கு 25, 40−16க்கு 36. எந்த இலக்கம் மேலே, எது கீழே என்று பார்க்காமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது குழந்தை. இது கவனக்குறைவு இல்லை. ஒரு விதியைத் தவறாகப் பிடித்துக்கொண்டு, அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. "கழித்தல் 45%" என்ற வரி இதைச் சொல்லாது. "கடன் வாங்காத இரண்டிலக்கக் கழித்தல் 9க்கு 9, கடன் வாங்குவது 11க்கு 0, மேல் கீழ் பாராமல் சிறிய இலக்கத்தைக் கழிக்கிறார்" என்று எழுதினால், படிக்கும் ஆசிரியருக்கு நாளை எதைக் கற்பிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இலக்குக்கும் ஆப்பின் சதவீதத்தை அளவுகோலாக வைக்காதீர்கள். குழந்தையின் திறனுக்கேற்பக் கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் மென்பொருளாக இருந்தால், சரியான விடைகளின் சதவீதம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஜூனில் 70%, டிசம்பரிலும் 70%, ஆனால் இடையில் குழந்தை மூன்று படி மேலே ஏறியிருக்கலாம். அந்த மாதிரி ஆப்பில் எந்தப் படியில் நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எந்த எண்ணையும் நம்புவதற்கு முன் சில விஷயங்களைச் சரிபாருங்கள். நாலு விடையில் ஒன்றைத் தட்டும் கேள்வி என்றால் குருட்டாம்போக்கில் தட்டினாலே சராசரி 25% வந்துவிடும். பத்து வரிப் பத்தி ஒன்றுக்கு இரண்டு வினாடியில் விடை வந்திருந்தால் அதைப் படித்ததாகக் கொள்ள முடியாது, தனியே ஒதுக்கிவையுங்கள். குறிப்பு பொத்தானை அழுத்திய பிறகோ, இரண்டாம் முயற்சியிலோ வந்த விடையைச் சில ஆப்கள் "சரி" என்றே கணக்கில் சேர்க்கும். உரையை வாசித்துக் காட்டும் வசதி போடப்பட்டிருந்ததா என்பதும் முக்கியம். வாசிப்புத்தான் இலக்கு என்றால், அந்த வசதியோடு எடுத்த மதிப்பெண் கேட்டுப் புரிந்துகொள்வதை அளக்கிறது, வாசிப்பை அல்ல. அறிவியலோ வரலாறோ இலக்கு என்றால் அதே வசதி நியாயமான உதவி. விரல் கட்டுப்பாடு குறைந்த குழந்தைகள் இழுத்து வைக்கும் கேள்வியில் கை நழுவினாலும் தப்பாகவே பதிவாகும். வீட்டு லாகினில் அக்காவோ அப்பாவோ கை கொடுத்திருக்கலாம், அதனால் பள்ளி நேரப் பதிவுகளை மட்டும் பிரித்தெடுங்கள். "பயன்படுத்திய நேரம் 40 நிமிடம்" என்பதில் திரை சும்மா திறந்திருந்த நேரமும் அடங்கலாம்.

இவ்வளவு பார்த்தும் ஆப் ஒரு சந்தேகத்தைத்தான் எழுப்பும். அதை உறுதி செய்வது தாளும் பென்சிலும். கடன் வாங்கும் கணக்கு பத்தை ஒரு தாளில் எழுதி, மூன்று வெவ்வேறு நாட்களில் மூன்று தாள் கொடுங்கள். 0, 2, 1 என்று வந்தால் நடு மதிப்பான 1தான் தொடக்க நிலை. சராசரி எடுப்பதை விட இது நல்லது, ஏனென்றால் ஒரு மோசமான நாள் கணக்கைக் கெடுக்காது. பிறகு இலக்கை இப்படி எழுதலாம்: "கடன் வாங்கும் இரண்டிலக்கக் கழித்தல் 10 கணக்குகளைத் தாளில் கொடுத்தால், எவர் உதவியும் இல்லாமல் 8ஐச் சரியாகச் செய்வார், தொடர்ந்து மூன்று வாரத் தாள்களில், 14 வாரத்துக்குள்." அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டமான ஐ.டி.இ.ஏ.வும் தற்போதைய நிலை, அளக்கக்கூடிய ஆண்டு இலக்கு, முன்னேற்றத்தை எப்படி அளப்பது என்ற மூன்றையும் ஐ.ஈ.பி.யில் கேட்கிறது. 14 வாரம் என்பது அந்த ஆண்டு இலக்குக்குள் ஒரு படியாக நிற்கும்.

1லிருந்து 8க்கு 14 வாரம் என்றால் வாரத்துக்கு அரைக் கணக்கு ஏற வேண்டும். கட்டத்தாளில் 1ஐயும் 8ஐயும் கோட்டால் இணைத்து, வாரம் ஒரு புள்ளி வையுங்கள். தொடர்ந்து நான்கு புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தால் கற்பிக்கும் முறையை மாற்றுங்கள். ஆப்பில் இன்னும் பத்து நிமிடம் உட்கார வைப்பது மாற்றம் ஆகாது. பத்துக் குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்டுவது மாற்றம். நான்கும் மேலே இருந்தால் இலக்கை உயர்த்துங்கள்.

பேச்சுக்குப் பதிலாகப் படம் தொட்டுப் பேச உதவும் ஆப் என்றால் இன்னொரு எச்சரிக்கை. "இன்று 120 சொற்கள்" என்று வரும் பதிவில், எப்படிச் சொல்வது என்று காட்ட ஆசிரியர் தொட்டவையும் சேர்ந்திருக்கலாம். அதைப் பிரிக்காமல் எழுதினால் குழந்தை சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும். நண்பரோடு முறை வைத்து விளையாடுவது, உதவி கேட்பது போன்ற இலக்குகளுக்கு ஆப் ரிப்போர்ட் உதவாது, நேரில் பார்த்து எண்ண வேண்டியதுதான்.

கூட்டத்துக்கு முப்பது பக்க அச்சு வேண்டாம். அந்தக் கோட்டுப் படம், குழந்தை கைப்பட எழுதிய இரண்டு தாள், எந்த உதவி வசதிகள் போடப்பட்டிருந்தன என்று ஒரு வரி, இவை போதும். பெற்றோர் கையில் இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். வகுப்பு முழுவதற்குமான திரையைப் படம் பிடித்து ஒட்டுவதாக இருந்தால், மற்ற குழந்தைகளின் பெயர் வரிசைகளை வெட்டிவிட்டு ஒட்டுங்கள்.