ஐந்து கிலோப் பொதியும் மூன்று விடைகளும்

அன்புள்ள அக்காவுக்கு,

எனது ஊர் மூதூர். திருகோணமலை வளாகத்தில் முதலாம் வருடம் படிக்கிறேன். எழுத வருவதற்கு முன் நீங்கள் கணிதம் படிப்பித்தவர் என்று அறிந்து இதைக் கேட்கிறேன். புள்ளிவிபரவியலில் ஒரு பயிற்சி தந்தார்கள். 5 கிலோ என்று அச்சடித்த அரிசிப் பொதிகளில் எழுமாறாக 16 ஐ எடுத்து நிறுத்துப் பார்த்தால் இடை (சராசரி) 4.94 கிலோ, நியம விலகல் (நிறைகள் இடையைச் சுற்றிப் பரந்திருக்கும் அளவு) 0.12 கிலோ. பொதிகளின் இடை நிறை 5 கிலோ என்ற கூற்றை 5% பொருண்மை மட்டத்தில், அதாவது சரியான கூற்றைத் தவறுதலாக நிராகரிக்கும் வாய்ப்பை 5% ஆக வைத்து, சோதிக்க வேண்டும். 95% நம்பிக்கை ஆயிடையும் (மாதிரியில் இருந்து இடைக்குக் காணும் கீழ், மேல் எல்லைகள்) காண வேண்டும். நாங்கள் மூன்று சிநேகிதிகள் சேர்ந்திருந்து செய்தோம். ஒருத்தி அட்டவணையில் 1.96 ஐ எடுத்துக் கூற்றை நிராகரித்தாள். மற்றவள் 1.753 ஐ எடுத்து நிராகரித்தாள். நான் 2.131 ஐ எடுத்து, "சூனியக் கருதுகோளை ஏற்கிறோம், ஆகவே இடை 5 கிலோ" என்று எழுதினேன். சூனியக் கருதுகோள் என்பது சோதிக்கப்படும் அந்தக் கூற்றுத்தான். ஆயிடைக்கு, "உண்மையான இடை இதற்குள் இருப்பதற்கான நிகழ்தகவு 95%" என்று எழுதினேன். இரண்டு இடத்திலும் எனக்குப் புள்ளி வெட்டிவிட்டார்கள். கணக்கு சரியாம், வசனம் பிழையாம். கணக்குச் சரி என்றால் வசனத்தில் என்ன இருக்கிறது அக்கா?

ம., மூதூர்

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்தப் பாடத்தில் எல்லாமே அந்த வசனத்தில்தான் இருக்கிறது. வர்க்கமூலமும் வகுத்தலும் கல்குலேற்றர் பார்த்துக்கொள்ளும். அந்த ஒரு வரியை உங்களைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது. புள்ளி வெட்டியவர் சரியாகத்தான் வெட்டியிருக்கிறார். ஆனால் ஏன் என்று உட்கார்த்தி வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அதை நான் செய்கிறேன்.

0.12 ஐ 16 இன் வர்க்கமூலமான 4 ஆல் வகுத்தால் நியம வழு (மாதிரியின் இடை மாதிரிக்கு மாதிரி எவ்வளவு மாறும் என்பதன் அளவு) 0.03. கிடைத்த இடை 5 இலிருந்து 0.06 குறைவு. அதை நியம வழுவால் வகுத்தால் சோதனைப் பெறுமானம் −2. அது அட்டவணை எல்லையைத் தாண்டினால் கூற்றை நிராகரிக்கிறோம். இதுவரை மூன்று பேரும் ஒன்றாகத்தான் வந்திருக்கிறீர்கள். இந்த −2 பெரிதா சிறிதா என்று எதைக்கொண்டு அளப்பது என்பதில்தான் பிரிந்துபோனீர்கள்.

1.96 ஐ எடுத்த சிநேகிதி, எல்லாப் பொதிகளுக்குமான நியம விலகல் தனக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். அது தெரியாது. 0.12 உம் அதே 16 பொதிகளில் இருந்து வந்த ஒரு மதிப்பீடுதான், அதுவும் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். டப்ளினில் கின்னஸ் பியர் வடிசாலையில் வேலை பார்த்த வில்லியம் கொசெற்றுக்கு இதே தொல்லைதான் இருந்தது. அவர் கையில் இருந்த மாதிரிகள் எல்லாம் சின்னஞ்சிறியவை. 1908 இல் 'ஸ்ரூடன்ற்' என்ற புனைபெயரில் அவர் எழுதிய கட்டுரையில் இருந்து பிறந்ததுதான் சிறிய மாதிரிகளுக்காக நீங்கள் பாவித்த ரீ (t) பரம்பல். 16 பொதி என்றால் சுயாதீனப் படி (எண்ணிக்கையில் ஒன்று குறைய) 15, எல்லை 2.131. நியம விலகல் தெரிந்தால் பாவிக்கும் செவ்வன் பரம்பலின் 1.96 க்கும் இதற்கும் உள்ள அந்தச் சிறு வித்தியாசம், நியம விலகலையும் மதிப்பிட்டதற்கு நாம் கட்டும் விலை. உங்கள் −2 இரண்டுக்கும் நடுவில் போய் நிற்கிறது. நல்ல கணக்கு, ஆக்கியவர் யோசித்துத்தான் ஆக்கியிருக்கிறார்.

1.753 ஐ எடுத்தவளிடம் ஒன்று கேளுங்கள்: "நிறை குறைவாக இருக்கிறதா" என்ற கேள்வியை அவள் எப்போது கேட்டாள்? பொதிகளை நிறுக்க முன்பே, வாங்குகிறவளின் இடத்தில் நின்று, குறைவை மட்டும் பார்ப்பேன் என்று தீர்மானித்திருந்தால் ஒருவால் சோதனை நியாயம்தான். ஆனால் உங்கள் வினா, கூற்று சரியா என்றுதான் கேட்கிறது. கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. 4.94 ஐக் கண்ட பிறகு "ஓ, குறைந்திருக்கிறது" என்று அந்தப் பக்கத்து வாலைப் பிடித்தால், 5% என்று எழுதிவிட்டு உண்மையில் 10% தவறுக்கு இடம் கொடுக்கிறோம். ஏனென்றால் இடை 5.06 என்று வந்திருந்தால் மற்றப் பக்கத்து வாலைப் பிடித்திருப்பாள். இதை நான் சின்னப் பிழையாக நினைப்பதில்லை. விடையைப் பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றுகிற பழக்கம் இப்படித்தான் தொடங்குகிறது.

இனி உங்கள் வசனம். 2.131 சரி, நிராகரிக்காமல் விட்டதும் சரி. "ஏற்கிறோம், ஆகவே 5 கிலோ" என்பதுதான் பிழை. உங்கள் ஆயிடையையே எடுத்துப் பாருங்கள். 2.131 ஐ 0.03 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 0.064. ஆகவே 4.876 இலிருந்து 5.004 வரை. இதற்குள் 5 இருக்கிறது, சரி. 4.90 உம் இருக்கிறதே! பொதி கட்டுகிறவர் "இடை 4.90" என்று சொல்லியிருந்து அதைச் சோதித்திருந்தாலும் நிராகரித்திருக்க மாட்டீர்கள். அதையும் ஏற்கிறோம் என்று எழுதுவீர்களா? ஒரே பொதிகளுக்கு இடை 5 உம் 4.90 உம் ஆக முடியாது. பொதிக்கு நூறு கிராம் குறைந்தால் பத்துப் பொதி வாங்குகிற குடும்பத்துக்கு ஒரு கிலோ அரிசி போய்விட்டது. அந்த ஒரு கிலோ போனதா இல்லையா என்று இந்த 16 பொதியால் சொல்ல முடியவில்லை. நீங்கள் எழுத வேண்டியிருந்தது அதைத்தான்.

இதே இடையும் இதே நியம விலகலும் 64 பொதிகளில் கிடைத்திருந்தால் நியம வழு 0.015, சோதனைப் பெறுமானம் −4, சந்தேகமில்லாமல் நிராகரிப்பு. "போதிய சான்று இல்லை" என்ற வசனம் இன்னும் நிறுக்கலாம் என்ற வாசலைத் திறந்து வைக்கிறது. "ஏற்கிறோம்" அதைப் பூட்டிவிடுகிறது.

95% விஷயம் இதைவிடக் கஷ்டம். எனக்கே படிப்பிக்கத் தொடங்கிய பிறகுதான் பிடிபட்டது. சில வருடங்களுக்கு முன் உவர்மலையில் ஒரு வகுப்பு எடுத்தேன். பெரிய தயிர்ச் சட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, பழைய கலண்டர் தாளை 200 துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் எண் எழுதிப் போட்டேன். எல்லாவற்றுக்கும் இடை 50. அது எனக்கு மட்டும் தெரியும். நாற்பது பிள்ளைகள். ஒவ்வொருவராக வந்து, சட்டியைக் குலுக்கி, பத்துத் துண்டு எடுத்து எண்களைக் குறித்துக்கொண்டு திரும்பப் போட்டார்கள். பிறகு இருந்து ஆளாளுக்கு 95% ஆயிடை கண்டார்கள். சுயாதீனப் படி 9, எல்லை 2.262. எல்லாவற்றையும் பலகையில் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோடு கோடாக வரைந்த பிறகுதான் 50 இல் ஒரு நெடுங்கோடு இழுத்தேன். முப்பத்தேழு பேருடைய கோடுகளை அது வெட்டிக்கொண்டு போனது. மூன்று பேருடையதைத் தொடவில்லை.

அந்த மூவரில் ஒருத்தியின் ஆயிடை 51.2 இலிருந்து 56.8 வரை. அவளுக்கு முகம் வாடிவிட்டது. அழிறப்பரால் அழித்து அழித்து மூன்று தரம் செய்தாள், மூன்று தரமும் அதே விடை. நானும் வாங்கிப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. அவளுடைய கைக்குப் பெரிய எண்கள் கூடுதலாக வந்துவிட்டன, அவ்வளவுதான். இனிச் சொல்லுங்கள், அவளுடைய ஆயிடைக்குள் 50 இருக்க நிகழ்தகவு 95% என்று சொல்லலாமா? 50 அதற்குள் இல்லை. மற்றவர்களுடையதில் இருக்கிறது. துண்டை எடுத்து முடித்த பிறகு இருக்கும் அல்லது இல்லை. 95% என்பது சட்டியைக் குலுக்கி, பத்து எடுத்து, ஆயிடை காண்கிற அந்த முறைக்குச் சொந்தமான எண். 1937 இல் புள்ளிவிபரவியலாளர் ஜேர்சி நெய்மான் நம்பிக்கை ஆயிடையை வகுத்தபோது அதற்குக் கொடுத்த பொருளும் இதுதான். வாழ்க்கையில் நெடுங்கோட்டை இழுத்துக் காட்ட ஆள் இல்லை. எங்கள் கையில் இருப்பது முப்பத்தேழில் ஒன்றா மூன்றில் ஒன்றா என்று அந்தத் தாளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இது எங்கள் வீட்டில் நடந்தது. தம்பலகாமத்தில் எங்கள் நெல்லை வாங்க வந்த ஒரு வியாபாரியின் தராசு, வெறுமையாகத் தொங்கும்போதே முள் பூச்சியத்துக்குக் கீழே நின்றது. அப்பா அதைக் கவனித்தபோது பதினொரு மூடை லொறியில் ஏறியாயிற்று. அந்தப் பதினொரு நிறைகளையும் வைத்து ஆயிடை கண்டால் ஒடுக்கமாக, வடிவாக வரும். முழுதும் பிழையாகவும் வரும். எந்த ரீ சோதனையும் அந்த முள்ளைப் பார்க்காது. ஆகவே உங்கள் 16 பொதியும் ஒரே அடுக்கின் மேல்தட்டில் இருந்து எடுத்தவையா, தராசு வெறுமையாக எங்கே நின்றது என்பதை விடைத்தாளில் கேட்காவிட்டாலும் உங்களுக்குள் கேளுங்கள்.

அடுத்த முறை இப்படி எழுதுங்கள்: "5% பொருண்மை மட்டத்தில், பொதிகளின் இடை நிறை 5 கிலோவில் இருந்து வேறுபடுகிறது என்று சொல்வதற்கு இம்மாதிரியில் போதிய சான்று இல்லை." ஆயிடைக்கு: "இதே முறையில் மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்துக் காணும் ஆயிடைகளில் 95% ஆனவை உண்மையான இடையை உள்ளடக்கும். இம்மாதிரி தந்த ஆயிடை 4.876 கிலோ முதல் 5.004 கிலோ வரை." பாடமாக்க வேண்டாம். உங்கள் சொல்லில் எழுதினாலும் பொருள் இதுவாக இருந்தால் போதும்.

தயிர்ச் சட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது, துண்டுகளும் அதற்குள்ளேயே கிடக்கின்றன. உங்கள் வகுப்பில் செய்து பார்க்க விருப்பம் என்றால் எழுதுங்கள், வளாகத்துக்குக் கொடுத்தனுப்புகிறேன். துண்டுகளை மட்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள், 200 இருக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா