பக்கத்து மொட்டை மாடியில் ராட்சத விளம்பரப் பலகை: யாரிடம் கேட்பது?

கேள்வி: தமிழ்நாட்டில் ஒரு மாநகராட்சி எல்லைக்குள் சொந்த வீட்டில் குடியிருக்கிறோம். பக்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடியை அதன் உரிமையாளர் விளம்பர நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். பெரிய இரும்புச் சட்டம் போட்டுப் பலகை வைத்துவிட்டார்கள். காற்றடித்தால் கிரீச்சென்று சத்தம். இரவெல்லாம் அதன் விளக்கு எங்கள் படுக்கையறையில் அடிக்கிறது. பகலில் வெளிச்சமும் காற்றும் குறைந்துவிட்டன. கேட்டால், "என் மாடி, என் இஷ்டம். வரியெல்லாம் கட்டியாச்சு" என்கிறார். என்ன செய்யலாம்? (அதே நிறுவனம் எங்கள் மாடியையும் வாடகைக்குக் கேட்கிறது. கொடுக்கலாமா?)

பதில்: அடைப்புக்குறிக்குள் நீங்கள் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் "என் மாடி, என் இஷ்டம்" என்ற பேச்சு. இது சட்டத்தில் நிற்காது. தனியார் இடத்தில் வைத்தாலும் பலகை பொதுச் சாலையில் போகிறவர்கள் பார்ப்பதற்காகத்தான் வைக்கப்படுகிறது. அதனால் அதற்கும் உரிமம் கேட்கலாம் என்று தமிழ்நாட்டு விளம்பர நிறுவனங்கள் தொடுத்த வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லிவிட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998. பெயரில் 1998 என்று இருந்தாலும் அது அமலுக்கு வந்தது 2023 ஏப்ரலில்தான். அதன்படி மாநகராட்சி ஆணையரின் உரிமம் இல்லாமல் பலகை வைக்க முடியாது.

"வரி கட்டியாச்சு" என்பதும் பதில் ஆகாது. விளம்பரத்துக்கு வரி போட மாநிலப் பட்டியல் (மாநிலங்கள் சட்டமியற்றக்கூடிய விஷயங்களின் பட்டியல்) தந்திருந்த அதிகாரமே ஜிஎஸ்டிக்கான அரசமைப்புத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. நிறுவனம் ஜிஎஸ்டி கட்டியிருக்கலாம், மாநகராட்சியில் ஏதோ ஒரு தொகைக்கு ரசீதும் வாங்கியிருக்கலாம். ரசீது வேறு, உரிமம் வேறு. அலுவலகத்தில் ரசீதைக் காட்டியே பலர் காலம் தள்ளுகிறார்கள்.

ஆகவே சண்டையை உரிமத்திலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலானோர் வெளிச்சம், காற்று என்று தொடங்கித் தோற்கிறார்கள். காரணம் சொல்கிறேன். இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882 பிரிவு 15-இன்படி, ஜன்னல் வழியாக வரும் வெளிச்சத்தையும் காற்றையும் 20 ஆண்டுகள் இடையூறில்லாமல் அனுபவித்திருந்தால்தான் அது உரிமை ஆகும். உங்கள் வீடு கட்டி எத்தனை ஆண்டு ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. 20 ஆண்டுக்கு மேல் என்றாலும் கொஞ்சம் மங்கியது என்றால் போதாது, குறைவு கணிசமாக இருக்க வேண்டும். இரவு விளக்கு விஷயம் அப்படியில்லை. அது தனிப்பட்ட தொல்லை, அதற்கு 20 ஆண்டுக் கணக்கு கிடையாது. உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். இப்போதே ஜன்னலுக்குள்ளிருந்து தேதி தெரியும்படி வீடியோ எடுத்து வையுங்கள்.

சரி, உரிமம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பலகையின் ஓரத்தில் உரிம எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போடுங்கள். "ஏன் அனுமதித்தீர்கள்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ஆவணங்களைக் கேளுங்கள்: உரிமத்தின் நகல், அது முடியும் தேதி, அனுமதித்த நீள அகலம், கட்டமைப்பு உறுதிச் சான்று, போக்குவரத்துக் காவல்துறையின் தடையின்மைச் சான்று. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

அனுமதித்த அளவைக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் விழுந்து 17 பேரைக் கொன்ற பலகை 120 அடிக்கு 120 அடி. மும்பை மாநகராட்சி அனுமதிக்கும் அதிகபட்சம் 40 அடிக்கு 40 அடிதான். உரிமம் இருந்து அளவு மீறியிருந்தாலும் அது மீறல்தான். இடத்தையும் கவனியுங்கள். கல்வி நிலையம், உள்நோயாளிகள் தங்கும் மருத்துவமனை ஆகியவற்றுக்கு எதிரிலும் சாலைச் சந்திப்பையொட்டியும் பலகை கூடாது என்பது தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு விளம்பரப் பலகை விதிகளிலேயே இருந்த கட்டுப்பாடு.

மீறல் என்று தெரிந்தால் ஆணையருக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து, முத்திரையுடன் நகல் வாங்குங்கள். வாய்மொழிப் புகார் உயர் நீதிமன்றத்தில் செல்லாது. நியாயமான காலம் காத்திருந்தும் நடவடிக்கை இல்லையென்றால், அந்த நகல்தான் உங்கள் ரிட் மனுவுக்கு (அதிகாரி தன் கடமையைச் செய்ய உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) அடித்தளம்.

கிரீச் சத்தம் பலகை ஆட்டம் கண்டிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அதற்கு மட்டும் இந்த வரிசையில் காத்திருக்க வேண்டாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 152 (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133), விழுந்து அக்கம்பக்கத்தாருக்கோ வழிப்போக்கருக்கோ காயம் ஏற்படுத்தக்கூடிய நிலையில் உள்ள கட்டுமானத்தை அகற்றவோ பலப்படுத்தவோ நிர்வாகத்துறை நடுவர் உத்தரவிடலாம் என்கிறது. அந்த அதிகாரம் உள்ள கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். கட்டடப் பொறியாளர் ஒருவரின் கடிதத்தையும் இணைத்தால் மனுவுக்குப் பலம் கூடும். 2023 ஜூன் 1 அன்று கோவை கருமத்தம்பட்டியில் பலகைச் சாரம் சரிந்து 3 தொழிலாளர்கள் இறந்தது காற்றடித்த நேரத்தில்தான். மழைக்காலத்துக்கு முன்னால் மனு போடுங்கள்.

இனி உங்கள் மாடி. கொடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் மீதான உங்கள் புகார் அன்றே பல்லிளித்துவிடும். எதிர்த் தரப்பு வழக்கறிஞர் முதலில் காட்டப்போவது அந்த ஒப்பந்தத்தைத்தான். அதோடு, பலகை விழுந்தால் "நான் வாடகைக்குத்தான் விட்டேன்" என்று கட்டட உரிமையாளர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. கவனக்குறைவால் மரணம் என்று வழக்குப் பதிந்தால் முதல் விசாரணையே மாடிச் சொந்தக்காரரிடம்தான். இழப்பீட்டை நிறுவனமே ஏற்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டாலும், அது உங்கள் இருவருக்குள் மட்டுமே செல்லும். காயம்பட்டவரை அது கட்டுப்படுத்தாது.

அப்புறமும் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், உரிமத்தின் அசல் கைக்கு வராமல் ஓர் ஆணியைக்கூட அடிக்க விடாதீர்கள். உரிமம் முடியும் நாளிலேயே இரும்புச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும் என்றும் எழுதி வாங்குங்கள்.