உளவளத்துணையாளர் அறைக்கு வெளியே: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எனக்கு உளவளத்துணை வழங்குபவர் கல்லடியில் ஒரு கல்யாண வீட்டில் மது அருந்திவிட்டு உறவினருடன் சச்சரவிட்டதை நேரில் கண்டேன். இது தொழில் ஒழுக்கத்துக்கு மாறானதல்லவா? (வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: மனவருத்தம் தரும் காட்சிதான், ஆனால் அதை மட்டும் கொண்டு ஒழுக்க மீறல் என்று சொல்ல முடியாது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஒழுக்கக்கோவை நம்மைக் கட்டுப்படுத்தாது எனினும், தொழிலின் பேரால் செய்பவை மட்டுமே தன் எல்லைக்குள் வரும், முற்றிலும் தனிப்பட்ட நடத்தை வராது என்று அது தெளிவாக வகுத்திருப்பது நமக்கு உதவும் அளவுகோலாகும். அறைக்குள் கிடைத்த நம்பிக்கை, தகவல், பதவிப்பெயர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை அவர் வெளியே பயன்படுத்தினாரா என்பதையே நான் முதலில் கேட்பேன். அந்தப் பந்தலில் உங்கள் கதையை எவரிடமேனும் சொல்லியிருந்தாலோ, மறுநாள் மது வாடையுடன் உங்கள் முன் அமர்ந்திருந்தாலோ என் பதில் வேறாக இருந்திருக்கும். அவரிடம் தொடர்ந்து செல்வதா என்பது உங்கள் முடிவு. கண்டது உறுத்துகிறதென்றால் அதை அவரிடமே பேசலாம். அதற்கும் அந்த அறையில் இடமுண்டு.

கேள்வி: என் உளவளத்துணையாளர் கேட்டதற்காக, அவருடைய மனைவி பிடிக்கும் சீட்டில் சேர்ந்தேன். இரண்டு மாதம் கட்ட முடியவில்லை. இப்போது அவரிடம் போகவே கூச்சமாக இருக்கிறது. (வாசகர், ஏறாவூர்)

பதில்: சீட்டு மனைவியின் பேரில் நடக்கிறது, பணம் வீட்டில் கைமாறுகிறது, ஆகவே இது வெளி விவகாரம் என்று அவர் வாதிடக்கூடும். அந்த வாதம் நிற்காது. உங்கள் வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு, எவருக்கு மறுப்புச் சொல்ல உங்களுக்கு வராது என்பவற்றையெல்லாம் உங்கள் வாயாலேயே கேட்டறிந்த ஒருவர் உங்களிடம் சீட்டுக் கேட்டிருக்கிறார். உளவளத்துணைக்கு அப்பால் வேறொரு தொடர்பும் இருக்கும் இரட்டை உறவு யாவும் குற்றமில்லை. நடுநிலையைக் குலைக்கக்கூடிய, சுரண்டலுக்கோ தீங்குக்கோ இடமளிக்கக்கூடிய உறவே தவிர்க்க வேண்டியது. நீங்கள் அமர்வுக்குப் போகக் கூசுகிறீர்கள் என்பதே தீங்கு நேர்ந்துவிட்டது என்பதற்குப் போதிய சான்று. அவர் பணிபுரியும் நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு நடந்ததைத் திகதிகளுடன் எழுதிக் கொடுத்து, வேறொருவரிடம் மாற்றித் தருமாறு கேளுங்கள். கட்டவேண்டிய தவணை மட்டும் இதனால் இல்லாமற் போகாது. சீட்டுக் கணக்கைத் தனியாகத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் உளவளத்துணையாளர். கோயில் நிர்வாகத்தில் என் குடியின் சார்பில் பொறுப்பு வகிக்கிறேன். துணைநாடிகளில் (உளவளத்துணை பெற வருபவர்களில்) பலர் உறவினர், மற்றவர்கள் கோயிலில் சந்திப்பவர்கள். இரட்டை உறவைத் தவிர்க்க ஊரை விட்டே போகவேண்டுமா? (திருக்கோவில்)

பதில்: வேண்டாம். தாய்வழியில் குடி எண்ணி, ஒரே குடியினரை உடன்பிறப்பாகக் கொள்ளும் நம் ஊர்களில் முற்றிலும் அந்நியரான துணைநாடி கிடைப்பது அரிது. முகம் தெரியாத பெருநகரங்களை மனதில் வைத்து எழுதப்பட்ட விதிகளை இங்கே அப்படியே பொருத்தினால், உதவி தேவைப்படுபவருக்கு எவரும் மிஞ்சமாட்டார். வெளியே கண்டால் எப்படி நடந்துகொள்வது என்பதை முதல் அமர்விலேயே பேசி முடிவுசெய்யுங்கள். அவர் முதலில் பேசினாலன்றி நீங்கள் பேசாதிருப்பதே நல்லது. இதைவிடக் கடினமானது நிர்வாகக் கூட்டம். துணைநாடி ஒருவரின் பிணக்கு விசாரணைக்கு வரும்போது நீங்கள் திடீரென எழுந்து வெளியேறினால், அவர் உங்களிடம் வருகிறார் என்பதை அந்த வெளியேற்றமே ஊருக்குச் சொல்லிவிடும். எனவே குடும்பப் பிணக்கு விசாரணை எதிலும் அமரமாட்டேன் என்று இன்றே பொதுவாக அறிவித்துவிடுங்கள். நெருங்கிய இரத்த உறவினரை அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ அனுப்புங்கள். உங்களுக்கான மேற்பார்வையாளரும் வேற்றூராராக இருக்கட்டும்.

கேள்வி: தற்கொலை செய்துகொண்ட ஒரு மாணவிக்கு என்ன உளநோய் இருந்தது என்று, அவரைப் பார்த்தேயிராத உளவளத்துணையாளர் ஒருவர் முகநூலில் எழுதினார். அது அவருடைய கருத்துரிமை இல்லையா? (வாசகர், வாழைச்சேனை)

பதில்: பெயருக்குக் கீழே தொழிலையும் குறிப்பிட்டு எழுதினாரென்றால் அது தனிக்கருத்து ஆகாது. 1964 அமெரிக்க சனாதிபதித் தேர்தலின்போது வேட்பாளர் பரி கோல்ட்வோட்டரைப் பற்றி ஒரு சஞ்சிகை உளமருத்துவர்களிடம் கேட்டபோது, அவரைப் பரிசோதித்திராத 1,189 பேர் அவர் அப்பதவிக்கு உளரீதியாகத் தகுதியற்றவர் என்று பதிலளித்தார்கள். அந்த அவமானத்தின் பின்னரே, நேரில் பரிசோதிக்காமலும் உரிய அனுமதி பெறாமலும் எவரைப் பற்றியும் தொழில்முறைக் கருத்து வெளியிடலாகாது என்ற விதியை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973இல் கொண்டுவந்தது. கோல்ட்வோட்டர் அந்தச் சஞ்சிகைமீது வழக்காடி வென்றார். இறந்த பிள்ளையால் வழக்காட முடியாது. செத்த வீட்டில் இருக்கும் தாயையும் சகோதரரையும் அந்தப் பதிவு எப்படித் தாக்கும் என்பதை மற்றெவரையும்விட அந்த உளவளத்துணையாளரே அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி: துணைநாடியாக இருந்தவரை உளவளத்துணையாளர் பின்னர் திருமணம் செய்யலாமா? (கல்முனை)

பதில்: நான் பரிந்துரைக்கமாட்டேன். அமர்வுகள் முடிந்து குறைந்தது 2 ஆண்டுகள் கழியாமல் அத்தகைய உறவு கூடாது என்கிறது அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஒழுக்கக்கோவை; அமெரிக்க உளவளத்துணையாளர் சங்கம் 5 ஆண்டுகள் என்கிறது. காலம் கழிந்த பின்னரும், சுரண்டல் இல்லை என்று நிறுவும் பொறுப்பு தொழிலரையே சாரும்.

கேள்வி: அயல்வீட்டில் வசிக்கும் பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தர் தன் மனைவியை அடிக்கிறார். இதுவும் தனிப்பட்ட நடத்தைதானா? (வாசகி, மட்டக்களப்பு)

பதில்: அமெரிக்கக் கோவையை எழுத்துக்கு எழுத்து வாசித்தால் அப்படியும் வாதிடலாம். பிரித்தானியாவில் உளவியலாளரை ஒழுங்குபடுத்தும் பேரவையோ, பொதுமக்களின் நம்பிக்கைக்குத் தகுதியானதாக நடத்தை இருக்க வேண்டும் என்று கேட்கிறது. இதில் நான் இரண்டாவது பக்கம். அடிபட்டு வரும் பெண்களுக்கு வழிகாட்டுவது அவருடைய அன்றாடப் பணி. வீட்டில் கை நீட்டுபவர் அங்கே எந்த மனநிலையுடன் அவர்களைக் கேட்பார்? மேலும் அவர் அரச உத்தியோகத்தர். தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதி அரச சேவைக்கு இழுக்குத் தரும் நடத்தையையும் கருத்திற் கொள்வதால், பிரதேச செயலாளருக்கு எழுத்துமூலம் முறைப்பாடு செய்யலாம். ஆனால் அவருடைய மனைவியைக் கேளாமல் அதைச் செய்யாதீர்கள், ஏனெனில் முறைப்பாட்டின் விலையை அன்றிரவே வீட்டில் கொடுப்பவர் அவராக இருக்கலாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறமுடியும் என்பதையும், மகளிர் உதவிக்கான 1938 என்ற இலக்கத்தையும் அவருக்குத் தனிமையில் சொல்லிவையுங்கள்.