இருவருக்கும் படை ஒரே பெட்டியில்

கேள்வி: லண்டனிலிருந்து வந்த மாமா, 'ஃப்ரோஸ்ட்கிரேவ்' என்ற மேசைப் போர் விளையாட்டின் விதிநூலும் 20 பிளாஸ்டிக் வீரர்கள் கொண்ட ஒரு பெட்டியும் தந்தார். நானும் தம்பியும் இரவிரவாக இருந்து ஒட்டி முடித்துவிட்டோம். இவ்வளவு சந்தோஷமாக எதையும் செய்ததில்லை. இப்போது கொழும்பில் ஒருவர் 60 பழைய உருவங்களை இணையத்தில் விற்கிறார். முழுப் பணத்தையும் முதலிலேயே வங்கியில் போடச் சொல்கிறார். வாங்கலாமா? வர்ணம் பூசுவது எப்படி?
– வாசகர், கல்லடி

பதில்: வாங்க வேண்டாம், தம்பி. உங்களுக்கு வேண்டிய படை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அந்த விளையாட்டில் ஒருவருக்கு ஒரு மந்திரவாதி, ஒரு சீடன், அதிகபட்சம் எட்டு வீரர்கள். ஆகப் பத்துப் பேர். உங்கள் இருபதையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தால் கணக்கு முடிந்தது. மூன்றடிச் சதுர மேசை போதும்.

நால்வரை மட்டும் மந்திரவாதிகளாகவும் சீடர்களாகவும் மாற்றுங்கள். வாளை நறுக்கிவிட்டு ஈர்க்கில் துண்டு ஒன்றைத் தடியாகப் பிடிக்க வையுங்கள். சுமார் 28 மில்லிமீற்றர் உயர மனிதனுக்கு ஈர்க்கின் நுனிப்பக்கம்தான் பொருத்தமான பருமன். மெல்லிய ரிசுக் கடதாசியை வெள்ளைப் பசையில் நனைத்துத் தோளில் போர்த்தினால், காய்ந்ததும் மடிப்பு மடிப்பாக அங்கி நிற்கும். கடையில் விற்கும் எந்த மந்திரவாதியையும்விட அவன் உங்களுக்கு நெருக்கமானவனாக இருப்பான்.

முகம் தெரியாத ஒருவருக்கு முன்பணம் போடவே வேண்டாம். பழைய உருவங்களை என்றாவது வாங்கினால், பொருளைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே பணம். அவை ரெசின் என்ற வார்ப்புப் பிசினா, உலோகமா என்றும் கேளுங்கள். பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் பசை அவற்றில் பிடிக்காது, சுப்பர் குளூதான் வேண்டும். ரெசினை அராவும்போது வரும் தூள் நுரையீரலுக்குக் கெடுதி. முகக்கவசம் அணிந்து, தண்ணீரில் நனைத்தே அராவ வேண்டும். கடையில் வாங்கினால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பொருள் பழுதாக இருந்தால் அதை வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

மிஞ்சும் பணத்தில் நல்ல தூரிகை ஒன்று வாங்குங்கள். நனைத்தால் முனை ஊசிபோலக் கூட வேண்டும். அதைக் கடையிலேயே சோதியுங்கள். புத்தகக் கடை அக்ரிலிக் வர்ணம் ஆரம்பத்துக்குப் போதும். ஆனால் தண்ணீர் கலந்து பால்போல இளக்கி, ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்ததைப் பூசுங்கள். ஒரேயடியாகத் தடிப்பாகப் பூசினால் கண்ணும் மூக்கும் மூடிப்போகும். முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தால் உருவங்களைக் கழுவிக் காயவிடுங்கள்.

வர்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சில்தான் நம் மட்டக்களப்பு வானிலை வேலையைக் காட்டும். மாரியில் ஸ்பிரே அடிக்க வேண்டாம். ஒரு மார்கழி மாலையில் நான் அடித்த வில்லாளி இன்னும் என் அலுமாரியில் நிற்கிறான். காற்றின் ஈரத்தால் முகமெல்லாம் மணல் தூவியதுபோலச் சொரசொரத்துப் போயிற்று. தூரிகையால் பூசும் அடிப்பூச்சே நமக்குப் பாதுகாப்பு. வெளிநாட்டிலிருந்து ஸ்பிரே டின்னைத் தபாலில் அனுப்பச் சொல்லி மாமாவைக் கேட்கவும் வேண்டாம். அழுத்தமேற்றிய டின்கள் சர்வதேசத் தபாலில் தடை.

விளையாட்டு நடப்பது பனி உறைந்த பாழ்நகரில். வீரர்கள் நிற்கும் தட்டுக்குக் கல்லடிக் கடற்கரை மணலையே உப்புப் போகக் கழுவி ஒட்டி, சாம்பல் நிறம் பூசி, மேலே வெள்ளையைத் தொட்டுவிடுங்கள். பனிக்காக அப்பச்சோடா தூவுவோர் உண்டு. நாளடைவில் அது மஞ்சளித்துவிடும்.

கேள்வி: அதே விளையாட்டுக்கு 20 முகப் பகடை வேண்டுமாம். அக்கரைப்பற்றில் எங்கு தேடியும் கிடைக்கவில்லை.
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: பகடை வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டாம், மகள். ஒரே அளவான 20 பொத்தான்களில் 1 முதல் 20 வரை எழுதித் துணிப்பையில் போட்டு, பாராமல் ஒன்றை எடுங்கள். எடுத்ததை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். போடாவிட்டால் வாய்ப்புகள் மாறிவிடும். ஆளுக்கொரு பை வைத்துக்கொள்ளுங்கள்.