பூட்டியாச்சு, ஆனால் டயர் உரசுகிறது

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். என்னிடம் 1996 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. இருக்கிறது. பின் ஆக்ஸில் இரைச்சல் போட ஆரம்பித்ததால் ஒரு ஜங்க்யார்டில் (பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிபாகம் விற்கும் இடம்) 2001 ஜி.டி.யின் ஆக்ஸிலை வாங்கினேன். "என் வண்டி 96" என்று சொல்லித்தான் கேட்டேன். "94லிருந்து 2004 வரை எல்லாம் ஒன்றுதான்" என்றார் கவுண்டரில் இருந்தவர். மெக்கானிக் மாட்டிக் கொடுத்த பிறகு, மேடு பள்ளத்தில் பின் டயர்கள் ஃபெண்டர் விளிம்பில் உரசுகின்றன. ஸ்பீடோமீட்டரும் கூடுதலாகக் காட்டுகிறது. பில்லில் "ஆஸ் இஸ், ரிட்டர்ன் கிடையாது" என்று முத்திரை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முத்திரையைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். அது ஒரு கதவைத்தான் மூடும். லூசியானா தவிர மற்ற மாநிலங்களில் பொருள் விற்பனைக்கு யூனிஃபார்ம் கமர்ஷியல் கோடு என்ற வணிகச் சட்டத் தொகுப்பின் 2ஆம் பகுதிதான் அடிப்படை. 'ஆஸ் இஸ்', அதாவது 'உள்ளது உள்ளபடி' என்று எழுதினால், சட்டம் தானாகச் சேர்க்கும் மறைமுக உத்தரவாதங்கள் பொதுவாகப் போய்விடும். ஆனால் விற்பவர் வாய்திறந்து சொன்ன விவரம் வேறு வகை. அதை நம்பி நீங்கள் வாங்கியிருந்தால் 2-313ஆவது பிரிவின்படி அது வெளிப்படையான உத்தரவாதம். ஒரு கையால் அதைக் கொடுத்துவிட்டு மறு கையால் முத்திரை குத்தி அழிக்க முடியாது.

சிக்கல் எங்கே என்றால், அவர் சொன்ன அந்த வார்த்தையில். 1999 முதல் 2004 வரையிலான மஸ்டாங் ஆக்ஸில், 94 முதல் 98 வரை வந்ததைவிட ஒன்றரை அங்குலம் அகலம். பக்கத்துக்கு முக்கால் அங்குலம். பூட்டுகிற இடங்கள் பொருந்தும், போல்ட் அப்படியே ஏறும். சக்கரம்தான் வெளியே தள்ளி நிற்கும். ஆகவே "பூட்டலாம் என்றுதான் சொன்னேன், பூட்டியாச்சே!" என்று அவர் வாதாடுவார். "எல்லாம் ஒன்றுதான்" என்று சொன்னது நிரூபணமானால் அந்த வாதம் நிற்காது. ஏனென்றால் ஒன்றல்ல, டேப் வைத்து அளந்தாலே தெரியும்.

நிரூபணத்தில்தான் எனக்குக் கவலை. எழுதிய பில்தான் முழு ஒப்பந்தம் என்று நீதிமன்றம் கருதினால், அதற்கு முரணான வாய்ப்பேச்சை 2-202ஆவது பிரிவு உள்ளே விடாது. எனவே பில்லை மறுபடி எடுத்துப் பாருங்கள். பொருள் விவரத்தில் "94–04" என்றோ உங்கள் வண்டியின் வருடமோ இருக்கிறதா? கையால் கிறுக்கியிருந்தாலும் போதும். எந்தப் பாகம் எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று அவர்கள் கம்ப்யூட்டரில் பார்க்கும் ஹாலண்டர் இன்டர்சேஞ்ச் எண் அச்சாகியிருந்தால் அது எந்தெந்த வருடங்களுக்கு என்று தேடுங்கள். வாங்கும் முன் மெசேஜில் பேசியிருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இவை எதுவுமே இல்லையென்றால் உங்கள் வார்த்தைக்கு எதிராக அவர் வார்த்தை. வழக்கு பலவீனம்தான், மறைக்க மாட்டேன்.

அடுத்தது, இன்றே கடிதம் அனுப்புங்கள். குறையைக் கண்ட பிறகு நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குத் தெரிவிக்காவிட்டால் எந்தப் பரிகாரமும் கிடையாது என்கிறது 2-607. போனில் திட்டியதை யாரும் பதிவு செய்து வைத்திருக்க மாட்டார்கள். பில் எண், 96 என்று சொல்லிக் கேட்டது, இரண்டு ஆக்ஸிலின் அளவுகள், உங்கள் கோரிக்கை, அவ்வளவு போதும். கடிதம் போன பிறகு வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். பொருளைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே அதில் ஊர் சுற்றுபவரை நீதிபதி நம்பமாட்டார். டயர் உரசும் வண்டி ஆபத்தும்கூட.

மெக்கானிக் கூலியைக் கேட்கலாமா? கேட்கலாம், விளைவு நஷ்டமாக, அதாவது தவறான பொருளால் உங்களுக்கு வந்த கூடுதல் செலவாக. ஆனால் நீங்கள் எளிதில் தவிர்த்திருக்கக்கூடிய செலவுக்கு நஷ்டஈடு கிடைக்காது. வேறு ஆஃப்செட் உள்ள, அதாவது இன்னும் உள்ளே தள்ளி உட்காரும் சக்கரங்களைப் போட்டால் தீருமா என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதற்கு ஒரு விலைப்புள்ளி வாங்கி வைத்துக்கொண்டு பேசுங்கள். பல நேரம் அந்தத் தொகையிலேயே சமரசம் முடிந்துவிடும். முடியாவிட்டால் சிறுவழக்கு நீதிமன்றம், வக்கீல் இல்லாமலே போகலாம். வழக்குப் போட பொதுவாக, பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 4 வருடம்.

ஸ்பீடோமீட்டரை வழக்கில் இழுக்காதீர்கள். உங்கள் பழைய ஆக்ஸிலின் பல்விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்று சுற்றும் என்பது) 2.73, புதியது 3.27 என்றால், நிஜமாக 60 மைலில் போகும்போது முள் 72 காட்டும். கியர்பாக்ஸில் ஒரு சின்னப் பல்சக்கரத்தை மாற்றினால் சரி. அது மீட்டரைத் திருத்திய குற்றம் ஆகாது. ஓடிய மைல் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டத் தொட்டால்தான் மத்தியச் சட்டம் பாயும்.

அப்புறம் ஒன்று, நீங்கள் எழுதாமல் விட்டது. பழைய ஆக்ஸிலை 'கோர்' (புதிதாக வாங்கும்போது திருப்பிக் கொடுக்கும் பழைய பாகம்) என்று யார்டில் கொடுத்துவிட்டீர்களா? கொடுத்திருந்தால் அதை நசுக்க அனுப்பாமல் வைத்திருக்கும்படி முதல் கடிதத்திலேயே கேளுங்கள். அகலத்தை அளந்து காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே அசல் அதுதான்.